முப்பதும் பிடிச்ச பொண்ணு

கூடுவாஞ்சேரி
5.6.2024

ஜெயக்கொடி மேடத்துக்கு,

இரம் அம்மா குல்ஷன் எழுதறேன். உங்க நம்பரை பிளாக் பண்ணிட்டேன். போன்ல பேசினா நான் கத்துவேன், அதுக்கு மேல நீங்க கத்துவீங்க. எங்க வீடு மெத்தைக் கடைக்கு மாடி, கீழ கஸ்டமர் நிப்பாங்க. அதனால பேப்பர்ல எழுதி எங்க தெரு கீதாகிட்ட குடுத்து அனுப்பறேன். அவளும் உங்ககிட்டதானே பாக்ஸிங் கத்துக்கறா, தினமும் வர்றா. பசை போட்டு ஒட்டியிருக்கேன், பிரிஞ்சிருந்தா சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை உங்க பிராக்டிஸ் முடிஞ்சு வந்தவ தாம்பரம் ஸ்டேஷன்ல மேம்பாலப் படிக்கட்டுல மயங்கி விழுந்தா. பூ விக்கற அம்மா ஒருத்தங்க மூஞ்சில தண்ணி அடிச்சு, அவ போன்ல இருந்து எனக்குக் கூப்பிட்டாங்க. ஓடி வந்து பார்த்தா ஜெர்ஸிக்கு உள்ள மழைக்கோட்டு! அந்த வெயில்ல, பதினோரு மணிக்கு, பிளாஸ்டிக் மழைக்கோட்டு. அவிழ்த்தா வேர்வை கொட்டுது, உடம்பு ஜில்லுனு இருக்கு. எனக்கு உயிரே போயிடுச்சு மேடம்.

வீட்டுக்கு வந்து அவ பையைக் கொட்டினேன். ஒரு தண்ணி பாட்டில். உள்ள தண்ணி இல்ல, எச்சில். புளிப்பு மிட்டாயை வாயில அடக்கிட்டு துப்பித் துப்பி நிரப்பியிருக்கா. அப்புறம் ஒரு நோட்டு. காலை 49.6, மதியம் 49.1, ராத்திரி 48.9னு ஒரு நாள் விடாம வெயிட். ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழயும் உங்க கையெழுத்து. மே இருபதாம் தேதிக்குக் கீழ "இன்னும் எறங்கணும்"னு எழுதியிருக்கீங்க. அது உங்க கையெழுத்து இல்லைனு சொல்லுங்க பார்ப்போம்.

ஜனவரியில அவ அம்பத்திரெண்டு கிலோ. வயசு பதினாறு, வளர்ற பொண்ணு. வளர்ற பிள்ளையை எறங்குன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?

இனிமே அவ வரமாட்டா. ஜூலை ஆறாம் தேதி மாநிலப் போட்டிக்குப் பேரு குடுத்திருந்தா எடுத்துடுங்க. அவ பர்த் சர்டிபிகேட்டும் ஆதார் காப்பியும் கீதாகிட்ட குடுத்து அனுப்புங்க.

குல்ஷன்


பெரும்பாக்கம்
7.6.2024

இரம் அம்மாவுக்கு,

கோச் ஜெயக்கொடி எழுதறது. எனக்கு எழுத்து வராது, பேசற மாதிரியே எழுதறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க, பொறுக்காட்டியும் சரி.

மழைக்கோட்டு நான் சொல்லல. எச்சி பாட்டிலும் நான் சொல்லல. அதெல்லாம் பெரிய பொண்ணுங்க வெளியூரு மேட்ச்சாண்ட பண்றது, பார்த்துக் கத்துகினு வந்திருக்கு. எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே செவுள்ல வுட்டிருப்பேன். கையெழுத்து என்னுதுதான். "எறங்கணும்"னு எழுதுனது நான்தான். நாப்பத்தெட்டு கிலோவுல ஆடணும்னா எறங்கித்தான் ஆவணும். காசு வாங்காம சொல்லித் தரேன், டாக்டருங்க கூட்டமெல்லாம் என்னாண்ட இல்ல.

ஆனா ஒண்ணு கேக்கறேன். பட்டினி போட்டது யாரு? நானா?

பெருநாளைக்கு ஒரு டப்பா பிரியாணி எடுத்துகினு கிளப்புக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? அத்தினி பசங்க எதிர்ல இன்னா சொன்னீங்க? "எங்க இரம் முப்பது நோன்பும் பிடிச்சிட்டா, ஒண்ணு கூட விடல, அவங்க அத்தா தோடு வாங்கிக் குடுத்தாரு"ன்னு. நானும் கைதட்டுனேன். வெயில்ல பச்சத்தண்ணி குடிக்காம முப்பது நாளு, அதுல ஸ்கிப்பிங் வேற. அந்த மாசம் பிராக்டிஸை பாதியா கொறைச்சது நான். நீங்க கொறைக்கல.

சரி, நோன்பு முடிஞ்சிது. அப்பால மே மாசத்துலயும் இது துன்னல. முட்டை குடுத்தா வேணாம். வாழப்பழம் வேணாம். இன்னாடின்னு கேட்டா, "களா நோன்பு கோச், அம்மா பிடிக்கச் சொல்லிச்சு"ன்னு சொல்லுது. உங்க சாமி விசயத்துல நான் இன்னாத்த பேசறது? பேசுனா நாளைக்கு கிளப்புக்கே பேஜாராவும். வாயை மூடிகினு இருந்தேன். பொண்ணை வூட்டுல காயப்போட்டுட்டு என்னை வந்து கேக்கறீங்க.

சர்டிபிகேட் இன்னும் ரெண்டு நாளுல தரேன். பேரை எடுக்க மாட்டேன். அது கையில கீற அடி மாதிரி பத்து வருசத்துல நான் பார்க்கல. அதை அடுப்பாண்ட குந்த வைக்கணும்னா நீங்களே அதுங்கிட்ட சொல்லுங்க.

ஜெயக்கொடி


கூடுவாஞ்சேரி
9.6.2024

ஜெயக்கொடி மேடத்துக்கு,

முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கறதுன்னா இதுதான். வாய் கூசாம எழுதியிருக்கீங்க.

மே மாசம் பூரா அவ வீட்டுல சாப்பிடலைன்னா காரணம் நீங்க. "கோச் கிளப்லயே முட்டை, சுண்டல், பழம் எல்லாம் குடுக்கறாங்கம்மா, வயிறு ஃபுல்லா இருக்கு"ன்னு தினமும் சொல்லுவா. நல்ல கோச்சு கிடைச்சிருக்காங்கன்னு நானும் நம்பினேன். தட்டுல சோறு வச்சா ஒதுக்கிடுவா. சாயந்திரம் வர்ற பிள்ளை களைச்சுப் போய் வருது, தூங்கட்டும்னு விட்டுடுவேன்.

களா நோன்பாம்! நானா பிடிக்கச் சொன்னேன்? களா நோன்புன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாம எதையாவது எழுதக் கூடாது. ரம்ஜான்ல விட்டுப்போன நோன்பை அப்புறமா திருப்பிப் பிடிக்கறதுதான் களா. எங்க பொம்பளைங்க எல்லாருக்கும் அது இருக்கும். மாசத்துல தொழுகை இல்லாத நாள் வருமே, அந்த நாள்ல நோன்பும் கிடையாது. அஞ்சோ ஆறோ, எத்தனை போச்சோ அத்தனையையும் எண்ணி வச்சுக்கிட்டு வருஷத்துக்குள்ள பிடிச்சு முடிக்கணும். எனக்கே இந்த வருஷம் ஏழு இருக்கு.

என் பொண்ணு எதையுமே விடல. முப்பதும் பிடிச்சா. விட்டாதானே களா வரும்? அவளுக்கு ஏது களா? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் விசாரிச்சுட்டுச் சொல்லுங்க மேடம். எங்க மார்க்கத்தைப் பத்தித் தெரியாதுன்னு ஒதுங்கறவங்க இதை மட்டும் எங்கேர்ந்து பிடிச்சீங்க?

இன்னொண்ணு. உங்க கிளப்ல படிக்கற இன்னொரு பொண்ணோட அம்மா சரோஜினி என்னை மார்க்கெட்ல பார்த்தாங்க. அம்பது கிலோவுல நம்ம கீதா ஆடறாளாமே. என் பொண்ணு ஒழுங்கா சாப்பிட்டு அம்பதுல நின்னா கீதாவோட மோதணும். ஒரு கிளப்புக்கு ஒரு எடைக்கு ஒரே ஆளுதானாம். அதனால இவளைக் கீழ தள்ளிட்டீங்க. ரெண்டு பேரு ஜெயிச்சா உங்களுக்கு ரெண்டு மெடல். அதுக்கு என் பிள்ளையோட உடம்பு! இதுக்கு என்ன பதில் சொல்வீங்க?

சர்டிபிகேட் இன்னும் வரல.

குல்ஷன்


பெரும்பாக்கம்
11.6.2024

அக்கா,

இதை கீதாகிட்ட குடுக்கல. தபால்ல போடறேன். கீதா பேரு இதுல கீது, அந்தப் பொண்ணு பாவம்.

நீங்க எழுதுனதை நாலு தபா படிச்சேன். சண்டை அப்பால போட்டுக்கலாம். இப்ப நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க.

பதினாறு வயசுப் பொண்ணு முப்பது நோன்பும் எப்படிக்கா பிடிச்சிது?

நீங்களே எழுதியிருக்கீங்க, எல்லாப் பொம்பளைக்கும் அஞ்சோ ஆறோ போவும்னு. உங்களுக்கே ஏழு. அந்த மாசம் அதுக்கு ஒண்ணு கூடப் போவல. ஏன் போவல? நீங்க ஊருக்கெல்லாம் சொல்லி சந்தோஷப்பட்டீங்க, நான் கைதட்டுனேன். உங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிஞ்ச ஆபத்து உங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேருமா சேர்ந்து கோட்டை வுட்டோம்.

அதை உடனே லேடி டாக்டராண்ட இட்டுனு போங்க. எலும்பையும் பார்க்கச் சொல்லுங்க. கணுக்காலுக்கு மேல வலிக்குதுன்னு ஒரு மாசமா சொல்லுது, நான் சுளுக்குன்னு தைலம் தேய்ச்சேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நான் நாப்பத்தஞ்சு கிலோவுல ஆடுனவ. நாலு வருசம். அதுல ரெண்டு வருசம் எனக்கு ஒண்ணும் வரல. எங்க கோச்சுகிட்ட பயந்து பயந்து சொன்னேன். "நல்லதாப் போச்சு, தொல்லை வுட்டுது, பிராக்டிஸ் பண்ணு"ன்னாரு. நானும் நல்லதுன்னு நினைச்சேன். இருபத்தி நாலு வயசுல பஸ்ல இருந்து எறங்கறப்ப இடுப்பு எலும்பு விரிசல் வுட்டுகிச்சு. அடிபட்டு இல்லக்கா, சும்மா எறங்குனதுக்கு. கல்யாணம் ஆகி பதினோரு வருசம், புள்ள இல்ல. அதனாலதானான்னு டாக்டரு உறுதியா சொல்லல. எனக்கு உறுதியா தெரியும்.

எல்லாம் தெரிஞ்சவ நான், இரம் கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேக்கத் தோணல. மெடல் கண்ணை மறைச்சிடுச்சு.

கீதா விசயம் உண்மைதான். அம்பதுல அதை வச்சேன், இதை நாப்பத்தெட்டுக்கு எறக்குனேன். ரெண்டு பேரும் ஆடட்டும்னு நினைச்சேன், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிகினேன். நீங்க எழுதுனாப்பல சொன்னா அசிங்கமா கீது, ஆனா அதான் நெசம்.

சர்டிபிகேட் இதோட கீது.

ஜெயக்கொடி


கூடுவாஞ்சேரி
19.6.2024

ஜெயக்கொடி மேடத்துக்கு,

என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க.

உங்க லெட்டர் வந்த அன்னிக்கு அடுப்புல பால் வச்சிருந்தேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள பொங்கி, வழிஞ்சு, பாத்திரம் கருகி, கீழ கடையில இருந்து அவங்க அத்தா ஓடி வந்தாரு.

நவம்பர்ல இருந்து இல்லையாம் அவளுக்கு. ஏழு மாசம். நான் மாசாமாசம் நாப்கின் பாக்கெட் வாங்கி பீரோவுல வச்சேன், அவ எடுத்துட்டுப் போய் உங்க கிளப் பொண்ணுங்களுக்குக் குடுத்திருக்கா. எனக்குத் தெரியக்கூடாதுன்னு. ரம்ஜான்ல முப்பது ராத்திரியும் தராவீஹ் தொழுதா, எனக்குத் தொழுகை இல்லாத நாள்ல கூட தனியா நின்னு. ஒரு நாள் கூட விடாம நிக்கறாளேன்னு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். நான் அவளைப் பெத்தவ. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்தக் கணக்கை இத்தனை வருஷமா என் விரல்ல எண்ணிட்டு வர்ற எனக்குத் தெரியல, நோன்பே பிடிக்காத உங்களுக்குத் தெரியுது. இது எவ்வளவு கேவலம்னு உங்களுக்குப் புரியாது.

குரோம்பேட்டையில டாக்டர் பார்த்தாங்க. கீழ்க்கால் எலும்புல விரிசல். எலும்பு அறுபது வயசுக்காரி எலும்பு மாதிரி இருக்குன்னாங்க. சாப்பாடு பத்தலைன்னா உடம்பு எது இல்லாம சமாளிக்கலாமோ அதை ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டே வருமாம், முதல்ல இதைத்தான் நிறுத்துமாம். வெயிட் அம்பத்து நாலு கிலோவாவது வரணும். அது வரைக்கும் ஓட்டம் கூடாது, குதிக்கக் கூடாது, கையில கிளவுஸ் மாட்டவே கூடாது. திரும்ப வருமான்னு கேட்டேன். பார்க்கலாம்னாங்க. மருந்து சோறுதான்னு சொன்னாங்க.

அந்த மருந்தைத்தான் அவ தொடமாட்டேங்கறா. என்கிட்ட பேசறதில்ல. "ஆறாம் தேதி போய் வெயிட் குடுப்பேன், கட்டிப் போட்டாலும் போவேன்"னு அவங்க அத்தாகிட்ட சொல்லியிருக்கா. நான் அழுதேன், அடிச்சேன், கால்ல விழாத குறை. ஒண்ணும் நடக்கல. உங்க வார்த்தைன்னா கேப்பா. அதுதான் எனக்கு எரியுது.

போட்டியில இருந்து உன் பேரை எடுத்துட்டேன்னு நீங்களே அவகிட்ட சொல்லணும். நான் கெஞ்சறேன்னு நினைக்காதீங்க. நீங்க கெடுத்ததை நீங்க சரி பண்ணுங்க.

குல்ஷன்


பெரும்பாக்கம்
5.7.2024

இரம் அம்மாவுக்கு,

சொல்லிட்டேன்.

உங்க லெட்டர் வந்த அன்னிக்கே பேரை எடுத்துட்டேன். அதுங்கிட்ட சொல்லத்தான் தெகிரியம் வரல, ஜகா வாங்கிகினு இருந்தேன். நேத்து சாயங்காலம் அதுவே வந்துச்சு. டியூஷன்னு உங்களாண்ட சொல்லிட்டு டிரெயின் ஏறியிருக்கு. நேரா போய் வெயிட் மிஷின் மேல ஏறி நின்னுச்சு. நாப்பத்தேழு எட்நூறு. என்னைத் திரும்பிப் பார்த்து சிரிக்குது. "வந்துட்டேன் கோச்." சிரிக்கறப்ப கன்னத்துல எலும்பு தெரியுது. இத்தினி நாள் அந்த மூஞ்சை தினமும் பார்த்துகினுதான் இருந்தேன், அடிதான் பார்த்தேன், மூஞ்சைப் பார்க்கல.

பேரு இல்லைன்னேன். சத்தம் போட்டுச்சு. எல்லாப் பசங்களும் நிக்குதுங்க. "எறங்குன்னதும் நீங்கதான், இப்ப ஏறுன்றதும் நீங்கதான், நான் இன்னா லிஃப்ட்டா?"ன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். என் கதையைச் சொன்னேன். என் வூட்டுக்காரருக்கே முழுசா சொல்லாததை அந்தப் பசங்க எதிர்ல சொன்னேன். எலும்பு வுட்டது, அப்பால நடந்தது எல்லாம்.

கேட்டுட்டு அது சொல்லுது, "உங்களுக்குப் புள்ள இல்லைன்னா நான் ஏன் சும்மா குந்தணும்?"

நான் ரிங்குல எத்தினியோ அடி வாங்கியிருக்கேன். இப்பிடி ஒண்ணு வாங்கல. கீதாதான் அது கையப் புடிச்சு ஸ்டேஷனுக்கு இட்டுனு போச்சு.

இனிமே என் மூஞ்சில முழிக்காது. என்னை வெறுத்தா வெறுக்கட்டும், அதனால அது போட்டிக்குப் போவாம இருந்தா போதும். நாப்பத்தெட்டு, அம்பதுன்னு எழுதற நோட்டு எதையும் இனிமே எங்க கிளப்புல வைக்கப் போறதில்ல. கீதா இப்ப இன்னா வெயிட்டு நிக்குதோ அதுல நாளைக்கு ஆடும், அம்பத்திரெண்டு. தோத்துடும். தோக்கட்டும்.

ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. அது நேத்து வூட்டுக்கு வந்து சோறு துன்னுச்சா?

ஜெயக்கொடி


கூடுவாஞ்சேரி
2.8.2024

ஜெயக்கொடி மேடத்துக்கு,

அன்னிக்கு சாப்பிடல. அதுக்கடுத்த நாளும் இல்ல. மூணாம் நாள் தயிர் சாதம் நாலு வாய். நான் எண்ணினேன்.

இப்ப கொஞ்சம் சாப்பிடறா. எதிர்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். சாப்பிட்டு முடிச்சதும் பாத்ரூம் கதவுகிட்ட நிப்பேன். கண்ணாடியை எல்லாம் கழட்டிட்டேன். அவ என்னைப் பார்க்கற பார்வையில பாம்பு தேளெல்லாம் தோத்துடும். ஒரு மாசமாச்சு, ஒரு கிலோ கூட ஏறல.

நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்கன்னு கீதா முழுசா சொன்னா. இரம் உங்ககிட்ட திருப்பிக் கேட்டதையும் சொன்னா. அந்த வார்த்தைக்கு நான் வருத்தப்படறேன். அவளை அப்படி வளர்க்கல. அதுக்காக மட்டும்தான் இதை எழுதறேன்.

குல்ஷன்


பெரும்பாக்கம்
6.8.2024

இரம் அம்மாவுக்கு,

கோச்சுக்காதீங்க, கோச்சுகினாலும் சரி, சொல்லிடறேன். நீங்க எண்ணாதீங்க. நீங்க எண்ணுனா அதுவும் எண்ணும். நானும் நோட்டுல அதைத்தானே பண்ணேன், நான் எறக்க எண்ணுனேன், நீங்க ஏத்த எண்ணுறீங்க. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

எதிர்ல குந்தி பார்க்காதீங்க. நீங்களும் ஒரு தட்டு வச்சுகினு குந்தி துன்னுங்க. நீங்க ஒழுங்கா சாப்டறீங்களா? கீதா சொல்லுச்சு, உங்க சுடிதாரெல்லாம் தொளதொளன்னு தொங்குதாம்.

கீதா மொத ரவுண்டுலயே தோத்துடுச்சு. வர்ற வழியில பல்லாவரத்துல ரெண்டு பிளேட்டு பிரியாணி துன்னுச்சு. நான் பார்த்துகினே இருந்தேன், சந்தோஷமா இருந்துச்சு.

ஜெயக்கொடி


கூடுவாஞ்சேரி
17.11.2024

ஜெயக்கொடி மேடத்துக்கு,

உங்க ஆகஸ்ட் லெட்டரைக் கிழிச்சுப் போட்டேன். எனக்கு சாப்பிடச் சொல்லிக் குடுக்க நீங்க யாருன்னு இருந்துச்சு. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு ஒரு தட்டு எடுத்துட்டுப் போய் உக்காந்தேன். உங்களுக்காக இல்ல.

இரம் இப்ப அம்பத்து மூணு. அவ அத்தா கடையில உக்காந்து பில் போடறா. கஸ்டமர்கிட்ட சண்டை போடறா. உங்க பேரை எடுத்தா எழுந்து போயிடறா. உங்க மேல எனக்கிருக்கற கோவமும் அப்படியேதான் இருக்கு, ஒரு துளி குறையல. அந்த நோட்டை இன்னும் வச்சிருக்கேன். உங்க கிளப்புக்கு அவளை எந்த ஜென்மத்துலயும் அனுப்ப மாட்டேன்.

எழுதக் காரணம் வேற. நேத்து விடியக்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பினேன். எழுந்திரிக்கல. மறுபடி போய்த் தட்டினேன். போர்வைக்குள்ள இருந்து, "எனக்கு இன்னிக்குத் தொழுகை இல்லம்மா"ன்னா.

புரியல எனக்கு. அப்புறம் புரிஞ்சுது. ஒரு வருஷம் ஆச்சு மேடம் அவ வாயில இருந்து அந்த வார்த்தை வந்து.

நான் போய்த் தொழுகைப் பாயை விரிச்சேன். அப்படியே தலையை வச்சு அழுதேன். அவ அத்தா வந்து என்னன்னு பயந்துட்டாரு. பொண்ணு தொழலைன்னு அழுகையோட சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அதுக்கு ஏன் சிரிக்கறேன்னு கேட்டாரு. எங்க தெருவுல எல்லாரையும் மனசுக்குள்ள ஒரு சுத்து சுத்தி வந்தேன், பொண்ணு தொழலைன்னு ஒருத்தி சந்தோஷத்துல அழுதான்னா அதை யார்கிட்ட போய் சொல்றது? சொன்னா உடனே புரிஞ்சுக்கற ஆளு எனக்கு உலகத்துல ஒரே ஒருத்திதான். அது நீங்களா இருக்கணுமா? அதான் என் தலையெழுத்து.

பதில் போடாதீங்க.

குல்ஷன்